எழுபத்தொன்றும் எழுபத்து நான்கும்

மார்ச் 3

தம்பிக்கு,

ஒன்பது முறை அடித்துப் பார்த்துவிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் நீ பேசியது சரியில்லை. அப்பா போய் ஆறு வாரம்கூட ஆகவில்லை. உன் அபராதச் சீட்டையும் என் அபராதச் சீட்டையும் சாப்பாட்டு மேசையில் அக்கம்பக்கமாக வைத்து, அம்மா பார்க்கப் பார்க்க, "யாரைப் பிடிச்சுக் குறைச்சே?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாய். அன்றைக்கு அம்மாவும் சாப்பிடவில்லை.

அன்று நாம் இருவரும் ஏன் பறந்தோம் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அம்மா அழைத்தாள். நீ நண்பனின் காரை வாங்கிக்கொண்டு கிளம்பினாய். நான் ஒரு நோயாளியின் முதுகில் பாதி கட்டு போட்டிருந்தேன், மீதியை அவர் மருமகளிடம் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஒரே சாலை, ஒரே பள்ளிக்கூட வளைவு, ஒரே கேமரா. பதினொரு நிமிட இடைவெளி. ஐம்பதைத் தாண்டக்கூடாத இடத்தில் நீ எழுபத்தொன்று, நான் எழுபத்து நான்கு. உன்னைவிட நான்தான் வேகம். ஆனால் உனக்கு வந்திருப்பது என் அபராதத்தைப் போல மூன்று மடங்கு, அதோடு நான்கு மாதம் வண்டி ஓட்டத் தடை வேறு.

விநோதம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அக்கா தில்லுமுல்லு செய்தவளாகிவிடுவாளா? அபராத அலுவலகக் கண்காணிப்பாளரின் அம்மா என் நோயாளி என்பது உண்மை. அந்த அம்மாளின் காலில் ஆறாத புண், வாரம் இரண்டு தரம் போய்க் கட்டு மாற்றுகிறேன். மகனை நான் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் அவர் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. எதையும் கேட்கவும் முடியாது, அவரால் பதில் சொல்லவும் முடியாது.

வியாழக்கிழமை அந்த அலுவலகத்துக்கே போகிறேன். காரணத்தைக் கேட்டு எழுதுகிறேன். தெரிந்த பிறகாவது அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசு.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு வந்தது. இனி இந்த விலாசத்துக்கு எழுது. வண்டி ஓட்டக்கூடாத டிரைவரை எந்த டிப்போவிலும் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் தரமாட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து டிப்போவில் பஸ் கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வண்டிக்கு இருபத்தைந்து நிமிடம். முதலில் உள்ளே பெருக்க வேண்டும், பிறகு வெளியே தண்ணீர் அடிக்க வேண்டும். சீட்டுக்கடியில் மக்கள் விட்டுப் போகாத பொருள் கிடையாது. நேற்று ஒரு பல் செட் கிடைத்தது. யாரும் தேடி வரவில்லை.

தங்கியிருப்பது நான்கு பேர் அறையில். மற்ற மூன்று பேரும் ஓட்டுகிறவர்கள். அவர்கள் சீருடை மாட்டும்போது நான் ரப்பர் பூட்ஸ் மாட்டுகிறேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. வழக்கம்போல ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்.

அலுவலகத்துக்குப் போகிறாயா, போ. நன்றாக விசாரி. எதையும் பாதியில் விடமாட்டாய் என்றுதானே உனக்குப் பெயர்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

விசாரித்துவிட்டேன். நீ மேசையில் விட்டுப்போன சீட்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கவுண்டரில் இருந்த குமாஸ்தா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மேசை முழுக்க அதைத் தேடுகிற ரகம். ஆனால் விஷயம் தெரிந்தவர்.

"ஒரே ரோடு, ஒரே கேமரா, ஒரே நாள். ஏன் சார் அபராதம் மட்டும் ரெண்டு விதமா வருது?" என்று கேட்டேன்.

"கேமராவுக்கு வண்டி நம்பர்தாம்மா தெரியும். அபராதம் வண்டிக்கு இல்ல, ஓட்டின ஆளுக்கு" என்றார்.

எவ்வளவு தாண்டினோம் என்பதை முதலில் பார்ப்பார்களாம். இருபதுக்கு மேல் முப்பதுக்குள் என்றால் எல்லாம் ஒரே படி. நமக்குள் இருந்த மூன்று கிலோமீட்டருக்கு மதிப்பே இல்லை. இடம் பள்ளிக்கூட வளைவு, நேரம் பள்ளி விடும் நேரம், அதற்குக் கூடுதல் உண்டு. அதுவும் இருவருக்கும் பொது. அதுவரை உன் தொகையும் என் தொகையும் ஒன்றுதான். அதற்கு அப்புறம்தான் பாதை பிரிகிறது. உன்னிடம் பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமம் இருக்கிறது. அன்று ஓட்டியது கார்தானே என்றேன். "ஓட்டுறதே தொழிலா வச்சிருக்கிறவர் தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்ல முடியாதில்லையாம்மா?" என்றார். அதற்குப் பாதி கூடுதல்.

எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் பொறுமை இழந்து, "பணக்காரனுக்கு ஒரு ரேட்டு, நமக்கு ஒரு ரேட்டு, அதைச் சொல்லுங்க" என்றார். குமாஸ்தா சிரித்தார். "சில நாட்டுல சம்பளத்தைப் பார்த்துத்தான் போடுறாங்களாம். அங்க பணக்காரனுக்குத்தான் ஜாஸ்தி. இங்க அந்த வழக்கம் வரல. வந்தா நான் சந்தோஷப்படுவேன்."

ஆனால் உன்னைக் கவிழ்த்தது அதெல்லாம் இல்லை. உன் சீட்டில் மூன்றாம் வரியைக் காட்டினார். அதில் '2' என்று இருந்தது. என் சீட்டில் '1'. "இவருக்கு இது ரெண்டாவது தடவைம்மா. ஐஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவைன்னா இரட்டிப்பு, அதோட தடையும் வரும். இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு மாட்டியிருந்தா பழசு தானா கணக்குல இருந்து விழுந்திருக்கும். பாவம்."

ஆக, காரணம் உன்னிடம்தான் இருக்கிறது. முன்பே ஒரு தரம் மாட்டியவன் நீ, எங்களிடம் மூச்சுவிடவில்லை. அதை மறைத்துவிட்டு, அம்மா முன்னால் என்னைத் திருடியாக்கினாய். நான் உன்னிடம் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று இப்போதாவது தெரிந்துகொள்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

சீட்டு உன்னிடம்தானே இருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார். முதல் குற்றத்தின் தேதியும், வண்டி எண்ணும் போட்டிருப்பார்கள்.

தம்பி


மார்ச் 27

தம்பி,

திருப்பிப் பார்த்தேன்.

அப்பாவின் பழைய காரின் எண். தேதி, நான் இந்த வேலையில் சேர்ந்த பதினோராவது நாள். பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போனேன். அறுபதைத் தாண்டக்கூடாத சாலையில் எண்பத்திரண்டு. அப்போது எனக்குப் புது உரிமம், இரண்டு வருடம் சோதனைக் காலம். ஒரு தடவை மாட்டினாலும் உரிமம் போய்விடும். உரிமம் இல்லாவிட்டால் வீடு வீடாகப் போகும் நர்ஸ் வேலையும் இல்லை.

நோட்டீஸ் அப்பா பெயருக்கு வந்தது. 'ஓட்டியவர் யார்' என்ற கட்டத்தில் உன் பெயர் இருந்தது. நான் உன்னிடம் கேட்டேன். நீ டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "விடுக்கா" என்றாய். நான் விட்டுவிட்டேன். எத்தனை சுலபமாக விட்டுவிட்டேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. ஒரு வாரம் உன்னிடம் நன்றியாக இருந்தேன், பிறகு மறந்தே போனேன். இந்த ஐந்து வருடத்தில் அது ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு உனக்கு விதியைப் பற்றிப் பாடம் எடுத்தேன். எழுதி முடித்து, தபாலில் போட்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ இத்தனை நல்ல மனசோடு செய்ததற்கு நான் இப்படிக் கைம்மாறு செய்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

நீ யாரையும் பிடிக்கவில்லை என்று எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியும். அந்த '2' என்ற எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சீட்டை வேண்டுமென்றேதான் உன் பக்கத்தில் தள்ளினேன். உனக்கு ஞாபகம் வருகிறதா என்று பார்த்தேன். நீ "எனக்குக் கம்மியாத்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாய். அப்போதுதான் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அம்மா முன்னால் கேட்டது தப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நல்ல மனசு என்று எழுதியிருக்கிறாய். அது என் மனசு இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னது அப்பா. நீ குளித்துக்கொண்டிருந்தாய். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். "அவளுக்கு வேலை போயிடும்டா. உனக்கு என்ன போகப் போகுது?" என்றார்.

கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். நேரம் என்ன என்று கேட்பதைப் போலச் சொன்னார். உண்மையும் அதுதான். அன்று நான் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் போவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த வருடமே கனரக உரிமத்துக்குப் படிக்க ஆரம்பித்தேன். ஏன் இவ்வளவு வெறியாகப் படிக்கிறாய் என்று நீ கேலி செய்வாய். போவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்றுதான் படித்தேன். கிடைத்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

நீ கேட்டுக் கேட்டு நான் சொல்லாததையும் எழுதுகிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவிருந்தது. பத்து நிமிடம் இருக்கும். "அவ எங்க?" என்றார். வந்துகிட்டிருக்கா என்றேன். "வேகமா வர வேண்டாம்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் உன்னை அழைத்தேன், நீ ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. நான் எப்படி வந்தேன் என்று அவர் கேட்கவில்லை அக்கா. நானும் அதே ரோட்டில்தான் வந்தேன்.

இதை உன்னிடம் சொன்னால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. அவ்வளவு சின்ன புத்தி எனக்கு.

தம்பி


ஏப்ரல் 13

தம்பி,

சந்தோஷமாக இல்லை. உன் கடிதத்தைக் காரில் உட்கார்ந்து படித்தேன். அடுத்த நோயாளி வீட்டு வாசலில் கால் மணி நேரம் இறங்காமல் இருந்தேன். அவர் மகள் வந்து கண்ணாடியைத் தட்டி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

அப்பாவுக்கு உன் மேலும் பாசம் இருந்தது என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். அது உனக்கும் தெரியும், தெரிந்தும் வலிக்கிறது என்றால் நான் அதைச் சொல்லி என்ன பயன்?

என்னால் முடிந்தது ஒன்றுதான். மறுபடி அந்தக் கவுண்டருக்குப் போனேன். "ஒருத்தர் ஓட்டினதுக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டிருந்தா என்ன சார் ஆகும்?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எந்த ஒருத்தரும்மா?" என்றார். நான் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: பொய் உறுதிமொழி தனிக் குற்றம், போட்டவருக்கும் உண்டு, தெரிந்தே விட்டவருக்கும் உண்டு. மேல்முறையீட்டில் நீதிபதி முன் தாங்களாகவே வந்து சொல்கிறவர்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பிடிபட்டு வருகிறவர்களை வேறு மாதிரி. "எந்த மாதிரின்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா" என்றார். மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் மே 10.

ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என்னிடம் நகல் இல்லை. நீயும் எழுதிச் சேர்த்தால்தான் இது செல்லும். சொன்னால் உன் வேலைக்கு ஆபத்து வரலாம் என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் கிழித்துப் போட்டுவிடு. ஏன் என்று கேட்கமாட்டேன். போன தடவை உன் பேருக்கு இன்னொருவர் முடிவெடுத்தார். இந்தத் தடவை நீயே எடு.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

மூன்று வாரம் உன் தாளைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். இரண்டு தரம் கிழிக்கப் போனேன். பொய் சொன்ன டிரைவர் என்று பெயர் வந்தால் எந்த டிப்போவிலும் சேர்க்கமாட்டார்கள். நான்கு மாதம் போனால் போகட்டும், ரப்பர் பூட்ஸ் பழகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

நேற்று நீதிமன்றத்துக்கு அனுப்பும் முன்னால் டிப்போ மேலாளரிடம் போய் நானே சொன்னேன். அவர் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இப்ப ஏன்டா வந்து சொல்றே? பேசாம இருந்தா ஜூலையில வண்டி ஏறிடலாமே?"

"ஏறலாம் சார். ஆனா என் பேர்ல இருக்கிற ஒண்ணு என்னுது இல்ல சார்."

"நீ பண்ணதுக்கு நான் எழுத்துல கண்டிக்கணும், தெரியுமா?"

"எழுதுங்க சார்."

எழுதினார். வேலையை விட்டு எடுப்பதா இல்லையா என்பது தீர்ப்பைப் பார்த்து என்றார். இரண்டு தாளையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். விசாரணைக்கு முன்னால் நாம் சந்தித்துப் பேச வேண்டாம், சொல்லி வைத்துப் பேசினது மாதிரி ஆகிவிடும். அங்கேயே பார்க்கலாம். வெள்ளைச் சட்டை ஒன்று அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது, எடுத்து வா.

தம்பி


ஜூன் 8

தம்பி,

விசாரணை முடிந்து பிரியும்போது பஸ் நிலையத்தில் இருவரும் சரியாகப் பேசவில்லை. எழுதிவிடுகிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நீ பஸ் கழுவியது உட்பட. நீ திட்டினாலும் சரி. அவள் அழவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஒரே பெஞ்சில் என்றேன்.

ஐந்து மாதம் நான் ஓட்டக்கூடாது. அபராதம் திருத்தி வந்திருக்கிறது, என் சீட்டில் இப்போது '2'. பொய் உறுதிமொழிக்கு இருவருக்கும் போட்டது தனி. என் மேலதிகாரி எழுத்தில் கண்டித்தார். நடந்து போகக்கூடிய வீடுகளை மட்டும் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற நோயாளிகளை வேறு நர்ஸுகளுக்குப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. கல்குவாரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தையல்காரருக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்தவர், மறு காலில் புண். அங்கே பஸ் கிடையாது. அவர் மனைவியே கட்டு மாற்றப் பழகிக்கொண்டிருக்கிறாள், கட்டு மாலைக்குள் அவிழ்ந்துவிடுகிறது. என் வேகத்துக்கு அந்த மனுஷர் ஏன் அபராதம் கட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். நீதிபதியம்மா உன்னைப் பார்த்து, "கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் உனக்கு இன்னும் குறைந்திருக்கும். நீ "இல்லைங்க, நானாத்தான் போட்டேன்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையைச் சொல்லத்தானே அங்கே போனோம்? நான் எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பாவைக் காப்பாற்றினாயா?

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

அம்மாவிடம் சொன்னது நல்லதுதான். நேற்று போனில் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். பஸ் கழுவியதற்கு இல்லை, அதை மறைத்ததற்கு.

நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. நீதிபதியம்மா கேட்டபோது நிஜமாகவே யோசித்தேன். அப்பா என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்தார், அவ்வளவுதான். எடுத்தது நான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயசு. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயம் என்னுடையது. அதற்கு அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. அவர் சொன்னது இன்னும் வலிக்கிறது, அது வேறு விஷயம்.

திருத்திய சீட்டு எனக்கும் வந்தது. '1' என்று இருக்கிறது. இரண்டாம் தடவைக்கான தடை ரத்தாகிவிட்டது, பொய் உறுதிமொழிக்குப் போட்ட ஒரு மாதத் தடையும் முன்பே கழிந்துவிட்டது. தொழில் உரிமத்துக்கான பாதி கூடுதல் அப்படியே இருக்கிறது. உன் அபராதம் வேறு, என் அபராதம் வேறு என்று இப்போதும்தான் இருக்கிறது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். என்னிடம் கூடக் கேட்கத்தான் வேண்டும்.

மேலாளர் திங்கட்கிழமை கூப்பிட்டார். தீர்ப்பை என் முன்னாலேயே படித்தார். சாவிப் பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். பழைய தடத்திலேயே போட்டிருக்கிறார்கள், உன் ஊருக்கே திரும்பி வருகிறேன்.

எனக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. உன் மேலதிகாரியிடம் கேட்டு அந்தத் தையல்காரரைச் செவ்வாய்க்கு வாங்கிக்கொள். காலை எட்டு மணிக்கு உன் வாசலுக்கு வருகிறேன். உன் காரில் போகலாம், நான் ஓட்டுகிறேன். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார். வழியில் நீ தூங்கினாலும் சரி, பேசினாலும் சரி. நேரமாச்சு என்று மட்டும் சொல்லாதே.

தம்பி